அமத்தினால் ஓடாத கட்டளை ஏன் பட்டியலில் நிற்கிறது?

யாழ் நகரில் கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சிறிய அச்சகத்துக்குப் போன வருடம் ஒரு வேலை செய்து கொடுத்தேன். அங்கே அதிகம் அச்சாவது கல்வெட்டுகள். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இது கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டார் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். தேவார திருவாசகம், வம்ச வழி, வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். பல வருடக் கல்வெட்டுகள் அவர்களிடம் கோப்புகளாகக் கிடந்தன. எல்லாம் பாமினியில்.

பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் தமிழில் பரவுவதற்கு முந்திய காலத்து எழுத்துரு. அதில் திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே இருக்கும் இடத்தில் எழுத்துரு ‘த’ வரைகிறது, அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியை வைக்கிறது. எழுத்துருவைக் கழற்றினால் தமிழும் போய்விடும். தேட முடியாது, கைபேசியில் படிக்க முடியாது. நூலகம் என்ற ஈழத்து எண்ணிம நூல் சேகரத்தின் இணையத்தளத்தில் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி இருப்பதைப் பார்த்த அச்சக முதலாளிக்கு, தங்களிடம் இருப்பதையும் தேடக்கூடிய எழுத்தாக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அதற்காக, நிரல் எழுதுவோர் பாவிக்கும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது அதற்குப் புது வேலை பழக்கும் துணை நிரல், எழுதினேன். எடிட்டர் இலவசம், அச்சகத்தின் பழைய கணினியிலும் ஓடியது, ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பக்கப் பட்டியில் விரித்துப் பார்க்கலாம். பாமினியை யுனிகோடாக மாற்றும் வேலை பிழையில்லாமல் நடந்தது. அதை ஒரு கிழமை உட்கார்ந்து சோதித்திருந்தேன். சோதிக்காமல் விட்டது வேறொன்று.

அங்கே தட்டச்சு வேலை பார்க்கும் அக்காவுக்கு, கன்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் சேர்த்து அமத்தி, திறக்கும் கட்டளைப் பெட்டியில் (இதைப் பேலட் என்பார்கள்) பாமினி என்று ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னேன். அடித்தார். என் எக்ஸ்டென்ஷனின் கட்டளைகள் 14 வரிகளாக வந்து விழுந்தன.

“தம்பி, உதில எதை அமத்திறது?”

நான் வாய் திறப்பதற்குள் கண்ணில் பட்ட ஒன்றை அமத்திவிட்டார். அது ‘பட்டியலிலிருந்து நீக்கு’. வலது பக்கம் கீழே, ஏதோ வரையறுக்கப்படாத ஒன்றின் பண்பைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி எழும்பியது. அக்கா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். “நான் ஒண்டையும் உடைக்கேல்லைத்தானே?”

உடைத்தது நான். அந்தக் கட்டளை பக்கப் பட்டியில் ஒரு கோப்பின் மேல் வலது கிளிக் செய்து கொடுப்பதற்காக எழுதப்பட்டது. அங்கிருந்து கொடுத்தால் எந்தக் கோப்பு என்ற விபரமும் கூடவே வரும். பேலட்டிலிருந்து கொடுத்தால் எதுவும் வராது. வெறுங்கையோடு வந்த கட்டளை வெறுமையைத் திறந்து பார்த்து விழுந்துவிட்டது. அப்படியானால் அது பேலட்டில் ஏன் நின்றது? நான் அங்கே வைக்கவில்லையே?

வைக்காததுதான் காரணம்.

கட்டளையின் பெயரை அடித்து அதை ஓட்டும் பழக்கம் பழையது. ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டரைப் பாவிப்பவர்கள் மெட்டா விசையோடு எக்ஸ் அமத்தி இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். இன்றைக்குப் பழகிப்போன வடிவத்தை, அதாவது மேலே ஒரு பெட்டி திறந்து எழுத்தடிக்க அடிக்கப் பட்டியல் குறுகுவதை, பரவலாக்கியது சப்லைம் டெக்ஸ்ட் என்ற எடிட்டர். 2015 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் அதைத் தன் நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தது. எஃப்1 அமத்தினாலும் அதே பெட்டிதான். பெட்டியின் தொடக்கத்தில் நிற்கும் > குறியை அழித்தால் அதுவே கோப்புத் தேடும் பெட்டியாகிவிடும்.

இந்தப் பேலட்டில் எது தெரியும் என்பதற்கு எடிட்டர் வைத்திருக்கும் விதி எளிமையானது. எக்ஸ்டென்ஷன் தன் அறிவிப்புக் கோப்பில், அதாவது பேக்கேஜ் ஜேசனில், எந்தக் கட்டளையை எழுதி வைத்தாலும் அது பேலட்டில் வரும். வேண்டாம் என்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதே கோப்பில் மெனுக்கள் என்ற பகுதிக்குள் பேலட்டுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் கட்டளையின் அடையாளப் பெயரை எழுதி, ‘வென்’ (எப்போது) என்ற இடத்தில் ‘ஃபால்ஸ்’ (பொய்) என்று போட்டால்தான் மறையும். மற்ற மெனுக்களில் ஒரு வரியைச் சேர்ப்பது காட்டுவதற்கு. பேலட்டில் மட்டும் ஒளிப்பதற்கும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். முதல்முறை எழுதுபவர்கள் எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வலது கிளிக் மெனுவில் சேர்த்தேன், ஆகவே அங்கே மட்டும்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

இதன் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. எடிட்டர் அந்த அறிவிப்புக் கோப்பைப் படிப்பது எக்ஸ்டென்ஷனின் நிரலை, அதாவது அதன் ‘கோடு’ பகுதியை, ஓட்டாமலே. 30 எக்ஸ்டென்ஷன் போட்ட ஒருவர் எடிட்டரைத் திறக்கும்போது 30 நிரல்களும் எழும்பி ஓடினால் கணினி திணறும். ஆகவே எல்லாம் தூங்கும். பெயர்ப் பலகை மட்டும் வெளியே தொங்கும். யாராவது பலகையில் உள்ள ஒன்றைக் கேட்டால்தான் உள்ளே இருப்பவரை எழுப்புவார்கள். பலகையில் எழுதியதை மக்களுக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது என்பது எடிட்டர் எழுதியவர்களின் எண்ணம். தூங்குபவர், பலகை என்ற இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் பாதி விளங்கிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. கட்டளையை அறிவிப்பது வேறு, கோடுக்குள் அதைப் பதிவு செய்வது வேறு. பதிவு செய்து அறிவிக்காமல் விட்டால் கட்டளை இருக்கும், ஓடும், ஆனால் பேலட்டில் தெரியாது. எக்ஸ்டென்ஷன் தனக்குள்ளேயே கூப்பிட்டுக்கொள்ளும் கட்டளைகளுக்கு இதுவே நல்ல இடம். அப்படிப்பட்ட பெயர்களை அடிக்கோட்டில் தொடங்குவது வழக்கம். எடிட்டரிடம் கட்டளைப் பட்டியலைக் கேட்கும்போது இவற்றைத் தவிர்த்துக் கேட்கவும் வழி உண்டு. மாறாக அறிவித்துவிட்டுப் பதிவு செய்ய மறந்தால், பேலட்டில் அழகாக நிற்கும், அமத்தினால் ‘கட்டளையைக் காணவில்லை’ என்று சொல்லும். என் 14இல் அப்படியும் ஒன்று இருந்தது. வெட்கம்தான்.

சரி, 14ஐயும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். நான்கு கட்டளைகள் பக்கப் பட்டியில் ஒரு கோப்பைக் காட்டிச் சொல்ல வேண்டியவை. மூன்று எனக்காக எழுதியவை, தற்காலிகச் சேமிப்பை அழிப்பது, எழுத்து அட்டவணையை மறுபடி ஏற்றுவது போன்றவை. ஒன்று மேலே சொன்ன அநாதை. மிச்சம் ஆறுதான் உண்மையிலேயே ஒருவர் பெயர் சொல்லிக் கேட்கக்கூடியவை. அந்த ஆறிலும் எல்லாம் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது.

அதற்குத்தான் ‘வென்’. ஃபால்ஸ் என்று அடியோடு மறைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. எடிட்டர் தன் நிலையைப் பற்றிப் பல சாவிச்சொற்களை எப்போதும் வைத்திருக்கிறது. திறந்திருக்கும் கோப்பின் மொழி என்ன, அதன் பெயர் எந்த விகுதியில் முடிகிறது, ஏதாவது வரி தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா, எத்தனை ஃபோல்டர் திறந்திருக்கிறது, இது லினக்ஸா விண்டோஸா என்றெல்லாம். இவற்றை &&, ||, ! குறிகளால் கோத்து ஒரு நிபந்தனை எழுதலாம். ‘கோப்பு டெக்ஸ்ட் கோப்பாக இருந்து, அதில் தெரிவும் இருந்தால் மட்டும் இந்தக் கட்டளையைக் காட்டு’ என்பது ஒரே வரி.

சாப்பாட்டுக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த பலகையில் அப்பம், இடியப்பம், பிட்டு, கொத்து எல்லாம் எப்போதும் எழுதியிருக்கும். நாலு மணிக்குப் போய் கொத்துக் கேட்டால் “இன்னும் போடேல்லை” என்பார்கள். கரும்பலகையில் எழுதும் கடையில் அந்த நேரத்தில் இருப்பது மட்டும் இருக்கும். ‘வென்’ கரும்பலகை.

இந்த நிபந்தனைகளில் ஒரு கள்ளக் குணம் உண்டு, அதை எங்கேயும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. சாவிச்சொல்லில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எடிட்டர் ஒன்றும் சொல்லாது. அப்படியொரு சொல் இல்லை, ஆகவே அது பொய் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். கட்டளை ஒருபோதும் தெரியாது. அதைவிட மோசம், முன்னால் ! போட்டிருந்தால் பொய்யின் எதிர்மறை உண்மையாகி, மறைய வேண்டியது எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் இதே கதை. பேலட்டிலேயே டெவலப்பர் பகுதியில், சாவிச்சொற்களைச் சோதிக்கும் ‘இன்ஸ்பெக்ட் கான்டெக்ஸ்ட் கீஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. அதை ஓட்டிவிட்டுத் திரையில் ஓர் இடத்தைக் கிளிக் செய்தால், அந்த இடத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று டெவலப்பர் கன்சோலில் கொட்டும். இது தெரியாமல் ஒரு மத்தியானத்தைத் தொலைத்தேன்.

எடிட்டருக்குத் தெரியாததை நாமே சொல்லிக் கொடுக்கவும் முடியும். பாமினி என்றால் என்னவென்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்கு அது ஆங்கில எழுத்துகள் கலந்து கொட்டிய ஒரு கோப்பு. என் எக்ஸ்டென்ஷன் கோப்பைப் படித்து, எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி அளவுக்கு மீறி வருகிறதா என்று எண்ணிப் பார்க்கும். வந்தால் இது பாமினியாக இருக்கலாம் என்று ஊகித்து, ‘செட் கான்டெக்ஸ்ட்’ என்ற உள்கட்டளையால் ஒரு சாவிச்சொல்லை உண்மை என்று வைக்கும். பேலட் நிபந்தனையில் அந்தச் சொல்லைப் போட்டேன். பாமினிக் கோப்பு திறந்திருந்தால் மட்டும் ‘யுனிகோடாக மாற்று’ தெரியும். என் கணினியில் மணியாக வேலை செய்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பிக்குச் சோதிக்கக் கொடுத்தேன். இரவு செய்தி வந்தது. “அண்ணை, நீங்கள் சொன்ன கட்டளையே இதில இல்லை.”

பெயரைச் சரியாக அடித்தாயா என்று கேட்டேன். அடித்திருந்தான். எக்ஸ்டென்ஷன் போடப்பட்டிருக்கிறதா? போடப்பட்டிருந்தது. பாமினிக் கோப்புதானா? நான் அனுப்பிய அதே கோப்பு. என்னிடம் தெரிவது அவனிடம் தெரியவில்லை. கடைசியில் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், அவனுடைய பக்கப் பட்டி மூடியிருந்தது.

தூங்குபவரும் பலகையும் இங்கே வந்து சேர்கிறார்கள். சாவிச்சொல்லை உண்மையாக்குவது எக்ஸ்டென்ஷனின் கோடு. எக்ஸ்டென்ஷன் எழும்புவது யாராவது அதன் கட்டளையைக் கொடுத்தால். கட்டளை தெரிவது சாவிச்சொல் உண்மையானால். கதவின் திறப்பை அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். என் கணினியில் மட்டும் ஏன் ஓடியது? நான் பக்கப் பட்டியை எப்போதும் திறந்து வைத்திருப்பவன். எடிட்டர் திறந்தவுடன், அந்தப் பட்டியில் வரும் என் கோப்புப் பட்டியலை நிரப்ப எக்ஸ்டென்ஷனை எழுப்பியது. எழும்பியதும் சாவிச்சொல் உண்மையானது. எழுதியவரின் கணினியில் எக்ஸ்டென்ஷன் அநேகமாக எப்போதும் விழித்தேயிருக்கும். இந்தப் பிழை எழுதியவரின் கண்ணில் படாமல் போவது அதனால்தான்.

முந்திய காலத்தில் எந்தக் கட்டளைக்கு எழும்ப வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாக அறிவிப்புக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது. 2022 நவம்பர் பதிப்பான 1.74இலிருந்து, அறிவித்த கட்டளைகளுக்கு அது தானாக நடக்கிறது. பலர் இதைப் படித்துவிட்டு எழுப்புவது பற்றி இனி யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டார்கள், நானும்தான். கட்டளையைக் கொடுத்தால் எழும்பும் என்பது உண்மை. கொடுப்பதற்கு அது கண்ணில் பட வேண்டுமே.

இதற்கு வழிகள் சில உண்டு. எடிட்டர் திறந்து முடித்ததும் எழும்பு என்று சொல்லிவிடலாம். அது சோம்பேறி வழி. நான்கு ஜிபி நினைவகம் உள்ள அச்சகக் கணினியில், கல்வெட்டே திறக்காத நாளிலும் என் நிரல் எழும்பி உட்கார்ந்திருக்கும். எந்த டெக்ஸ்ட் கோப்பு திறந்தாலும் எழும்பு என்று சொல்லலாம், கொஞ்சம் மேல். திறந்த ஃபோல்டருக்குள் குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பு இருந்தால் எழும்பு என்றும் சொல்ல முடியும். அச்சகத்துக்கு இதுவே பொருந்தியது. கல்வெட்டு ஃபோல்டரில் எக்ஸ்டென்ஷனுக்கென்று ஒரு சின்ன அமைப்புக் கோப்பு ஏற்கெனவே இருந்தது.

ஆனால் இதற்கும் முந்திய கேள்வி ஒன்றை நான் கேட்டிருக்க வேண்டும். பேலட் நிபந்தனைக்கு என் சொந்தச் சாவிச்சொல் எதற்கு? கோப்பின் விகுதி, மொழி போன்றவை எடிட்டருக்கே தெரிந்தவை, எக்ஸ்டென்ஷன் தூங்கினாலும் அவை சரியான பதிலைச் சொல்லும். ‘டெக்ஸ்ட் கோப்பு திறந்திருந்தால் காட்டு’ என்று விட்டிருந்தால் போதும். பாமினி இல்லாத டெக்ஸ்ட் கோப்பில் யாராவது அதைக் கொடுத்தால், எழும்பிப் பார்த்துவிட்டு ‘இதில் பாமினி எழுத்தில்லை’ என்று சொல்லலாம். மிகத் துல்லியமாகக் காட்டப் பார்த்துக் காட்டவே காட்டாமல் விட்டேன். இப்போது என் வழக்கம் இது: பேலட்டுக்கு எடிட்டருக்குத் தெரிந்த சொற்கள், பக்கப் பட்டிக்கு என்னுடைய சொற்கள். பக்கப் பட்டி தெரிகிறதென்றால் நான் விழித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

சொந்தச் சாவிச்சொல்லில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது அந்தச் சாளரம் முழுவதற்கும் ஒன்று. பாமினிக் கோப்பில் உண்மையாக்கிவிட்டுப் பக்கத்துத் தாவலில் வேறு கோப்புக்குப் போனால், நாமே கவனித்து மாற்றாத வரை உண்மையாகவே நிற்கும். அதைத் துரத்தித் துரத்தி மாற்றுவதைவிட, பாமினி என்று கண்டுகொண்ட கோப்புகளின் பாதைகளைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டு, நிபந்தனையில் ‘இந்தக் கோப்பின் பாதை அந்தப் பட்டியலில் இருந்தால்’ என்று எழுதலாம். ‘இன்’ என்ற சொல் அதற்காகவே இருக்கிறது. எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது.

மறைப்பதற்கும் முடக்குவதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அடிக்கடி குழம்பும் இடம். கட்டளையை அறிவிக்கும் இடத்திலேயே ‘எனேபிள்மென்ட்’ என்று ஒரு நிபந்தனை வைக்கலாம். அது மெனு எல்லாவற்றுக்கும் விசைகளுக்கும் பொதுவானது. அது பொய்யானால் வலது கிளிக் மெனுவில் கட்டளை மங்கலாக நிற்கும், பேலட்டிலோ அடியோடு வராது. பேலட் மங்கலாகக் காட்டும் வழக்கம் வைத்திருக்கவில்லை. ‘வென்’ மெனுவுக்கு மெனு தனித்தனி. பேலட்டின் ‘வென்’னில் மறைத்த கட்டளைக்கு யாராவது விசை வைத்திருந்தால் அது பாட்டுக்கு ஓடும். இரண்டையும் போட்டாலும் வேறொரு நிரல் நேரடியாகக் கூப்பிட்டால் ஓடும். கண்ணுக்கு மறைத்ததைப் பூட்டி வைத்ததாக நினைக்கக் கூடாது. ஆகவே ‘பட்டியலிலிருந்து நீக்கு’ கட்டளையைப் பேலட்டிலிருந்து எடுத்த கையோடு, அதன் கோடுக்குள்ளும் கோப்பு விபரம் வராவிட்டால் பேசாமல் திரும்பிப் போகும்படி ஒரு வரி சேர்த்தேன்.

இனிக் கட்டளைகளின் தலைப்பு. ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்கு 14 வரி பெரிய கரைச்சல் இல்லை. இன்னும் இரண்டு எழுத்தை அடித்தால் பட்டியல் இரண்டாகக் குறுகிவிடும். அக்காவுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. நான் தலைப்புக்கு முன்னால் நிற்கும் ‘பாமினி’ என்ற பகுதிப் பெயரை ஆங்கில எழுத்திலும் கட்டளைத் தலைப்புகளைத் தமிழிலும் எழுதியிருந்தேன், தமிழ் எக்ஸ்டென்ஷன் தமிழில் பேச வேண்டும் என்ற பெருமையில். அக்கா இருபது வருடமாகப் பாமினியில் அடிப்பவர். அவருடைய கணினியில் யுனிகோட் விசைப்பலகையே இல்லை. பேலட் பெட்டிக்குப் பாமினி எழுத்துரு தெரியாது. அவர் ‘மாற்று’ என்று அடித்தால் அங்கே ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கூளம்தான் வரும். பாமினியிலிருந்து விடுபட ஒரு கருவி செய்துவிட்டு, பாமினியிலிருந்து விடுபட்டவர்கள்தான் அதைத் தேடலாம் என்று வைத்திருந்திருக்கிறேன். தலைப்புகளைத் தமிழிலேயே விட்டேன், படிக்க அவருக்கு அதுதான் வேண்டும். ஆனால் அவர் அடிக்கக்கூடிய ஒரே சொல்லுக்கு வரும் பட்டியல், மேலும் குறுக்கத் தேவையில்லாத நீளத்தில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆறு நான்கானது. கூட்டியதும் குறைத்ததும் போக நின்றவை: முழுக்கோப்பை மாற்று, தெரிவு செய்ததை மாற்று, ஃபோல்டர் முழுவதையும் மாற்று, மாற்றியதைப் பழையதோடு ஒப்பிடு. ‘தெரிவு செய்ததை மாற்று’ என்பதற்கு, தெரிவு இருந்தால் மட்டும் காட்டு என்று நிபந்தனை வைத்தேன். பாடப்புத்தகம் போலச் சரியான நிபந்தனை.

இரண்டாம் நாள் அக்கா போன் எடுத்தார். “தம்பி, நேற்று இருந்தது இண்டைக்குக் காணேல்லை. நீங்கள் எடுத்துப் போட்டீங்களோ?”

எடுக்கவில்லை. அவர் வரிகளைத் தெரிவு செய்யாமல் பேலட்டைத் திறந்திருக்கிறார். அவர் பக்கமிருந்து பார்த்தால் ஒரு கருவி ஒருநாள் இருக்கிறது, மறுநாள் இல்லை. காரணம் திரையில் எங்கேயும் எழுதியில்லை. மங்கலாக நின்றாலாவது ஏதோ குறைகிறது என்று விளங்கும், பேலட்டில் அதுவும் இல்லை. நிபந்தனையை எடுத்துவிட்டேன். இப்போது அது டெக்ஸ்ட் கோப்பு திறந்திருக்கும்போதெல்லாம் தெரியும். தெரிவு இல்லாமல் கொடுத்தால் ‘முதலில் மாற்ற வேண்டிய வரிகளைத் தெரிவு செய்யுங்கள்’ என்று சொல்லும்.

‘ஓடாத கட்டளையைக் காட்டாதே’ என்ற பொது அறிவுரையோடு நான் இங்கே முரண்படுகிறேன். ஒருவர் தேடி வரக்கூடிய கட்டளை, ஓர் அடி எடுத்து வைத்தால் ஓடக்கூடியது என்றால், அதைக் காட்டி அந்த ஓர் அடியைச் சொல்லிக் கொடுப்பதே மரியாதை. யாருமே தேடி வராதது, அல்லது பேலட்டிலிருந்து கொடுத்தால் எப்படியும் ஓட முடியாதது, அதை மறைக்கலாம், ஈவிரக்கம் தேவையில்லை. பக்கப் பட்டிக் கட்டளைகள் நான்கும் இரண்டாவது வகை. அவற்றைப் பட்டியில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வகைப்பெயர் கொடுத்து, மாற்றாத கோப்புக்கு ஒன்று, மாற்றி முடித்த கோப்புக்கு வேறொன்று என்று வலது கிளிக் மெனுவில் பிரித்து வைத்தேன். அங்கே அவை அளவாக நிற்கின்றன. எனக்கென்று எழுதிய மூன்றையும் அறிவிப்பிலிருந்தே தூக்கிவிட்டேன்.

அக்கா இப்போது பேலட்டை அதிகம் திறப்பதில்லை. தெரிவு செய்ததை மாற்றுவதற்கு ஒரு விசைச் சேர்க்கை வைத்துத் தரச் சொன்னார், வைத்துக் கொடுத்தேன். அப்புறம் ஒருநாள் நிரலைத் துப்புரவு செய்யும்போது, கட்டளைகளின் அடையாளப் பெயர்களை எல்லாம் ஒரே பாணிக்கு மாற்றினேன். தலைப்பு மாறவில்லை, ஆகவே யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். விசை கட்டப்பட்டிருப்பது தலைப்போடு அல்ல, அடையாளப் பெயரோடு. அடுத்த நாள் காலையில் அக்கா அமத்தியபோது ‘கட்டளையைக் காணவில்லை’ என்று வந்திருக்கிறது.

பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தேன், ஆனால் கோடுக்குள் மட்டும். அதை அமத்தினால் புதிய கட்டளையைக் கூப்பிட்டுவிடும். அறிவிப்பில் இல்லாததால் பேலட்டில் தெரியாது. அறிவிப்பில் இல்லாததாலேயே தானாக எழுப்பும் வசதியும் அதற்கில்லை, ஆகவே 1.74க்கு முந்திய பாணியில், இந்தக் கட்டளைக்கு எழும்பு என்று ஒரு வரியைக் கையால் எழுத வேண்டியிருந்தது. அக்கா ஒருவர் மட்டும் அமத்தும் அந்தக் கட்டளை எந்தப் பட்டியலிலும் தெரியாமல் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.